தமிழில் உடம்பைப் படிக்க வைத்த டாக்டர் கிரீன்



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஒரு பெரியவரோட வாழ்க்கையை எழுதித் தரணும்னு ஊக்குநர் அக்கா கேட்டாங்க. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. குழு தீர்மான நோட்டு எழுதுறதோட சரி, வேற எதுவும் எழுதினது இல்லை. முதல்ல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மாவைப் பத்தி எழுதலாம்னு நினைச்சேன். அவங்க பேர்ல வர்ற மகப்பேறு உதவித்தொகையை நம்மில் பல பேர் வாங்கியிருக்கோம், அவங்களைத் தெரியாதவங்க நம்ம குழுக்கள்ல இல்லை. அதனால நம்ம ஊர்ப் பக்கம் அதிகம் பேசப்படாத, ஆனா தமிழ் பேசுற எல்லாரும் நன்றி சொல்ல வேண்டிய இன்னொரு டாக்டரை எழுதுறேன். இலங்கை யாழ்ப்பாணத்துல அவர் பேர் ரொம்பப் பிரபலம். அவர் பேர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன்.

அவரைப் பத்தி ஏன் எழுதுறேன்னு முதல்ல சொல்லிடுறேன். என் வீட்டுக்காரரோட அக்காவுக்கு மூணு வருஷத்துக்கு முன்னாடி உதிரப்போக்கு நிக்காம இருந்தது. ஒரு ஆஸ்பத்திரியில ஆபரேஷன் செஞ்சாங்க. கையெழுத்து வாங்கின பேப்பர் பூரா இங்கிலீஷ். வயித்துல இருந்த கட்டியை எடுத்துட்டாங்கன்னுதான் அண்ணி நினைச்சிருந்தாங்க. அப்புறம் உடம்பு திடீர் திடீர்னு கொதிக்குது, ராத்திரி தூக்கம் இல்லை, எலும்பு எல்லாம் வலிக்குது. ஒரு வருஷம் கழிச்சு எங்க கிராம செவிலியர் அந்த டிஸ்சார்ஜ் பேப்பரைப் படிச்சுப் பார்த்துட்டு, கர்ப்பப்பையோட ரெண்டு சினைப்பையும் எடுத்திருக்காங்கன்னு சொன்னாங்க. எடுத்தது சரியா தப்பா எனக்குத் தெரியாது. எடுக்க வேண்டிய நிலைமையாக்கூட இருந்திருக்கலாம். ஆனா தன் உடம்புல இருந்து என்ன போச்சுன்னு தெரியாமலே ஒரு பொம்பளை ஒரு வருஷம் வாழ்ந்திருக்காங்க. சினைப்பைன்னா என்ன, அது எங்க இருக்குன்னு அன்னைக்கு எனக்கும் தெளிவாத் தெரியாது. ரெண்டு பிள்ளை பெத்தவ நான்.

இந்த விஷயத்தை என் பெரிய பொண்ணோட தமிழ் டீச்சர்கிட்ட சொல்லிட்டு இருந்தப்போதான் அவங்க கிரீன் டாக்டரைப் பத்திச் சொன்னாங்க. அதுக்கப்புறம் தேடித் தேடிப் படிச்சதை இங்க எழுதுறேன்.

பிறப்பும் படிப்பும்

கிரீன் 1822-ம் வருஷம் அக்டோபர் 10-ம் தேதி அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல வூஸ்டர் என்ற ஊர்ல பிறந்தார். பெரிய குடும்பம், மொத்தம் 11 பிள்ளைகள். அவரோட அண்ணன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன் பின்னாடி நியூயார்க் நகரத்துல பெரிய ஆளா ஆனவர். இன்னைக்கு உலகமே வந்து பார்க்கிற சென்ட்ரல் பார்க் என்ற பெரிய பூங்கா உருவாகப் பாடுபட்டவங்கள்ல அவரும் ஒருத்தர். அந்த மாதிரி வசதியும் செல்வாக்கும் உள்ள வீட்டுல பிறந்த தம்பி, 1845-ல நியூயார்க்குல டாக்டர் பட்டம் வாங்கினார். அங்கேயே இருந்திருந்தா நல்லா சம்பாதிச்சிருப்பார்.

ஆனா அவருக்கு மனசு வேற பக்கம் இருந்தது. அமெரிக்க கிறிஸ்தவ மிஷன் யாழ்ப்பாணத்துல பள்ளிக்கூடங்கள் நடத்திட்டு இருந்தது. அங்க டாக்டர் தேவைப்பட்டது. அவங்களுக்கு மதத்தைப் பரப்புற நோக்கமும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. கிரீனும் ஆழமான பக்தி உள்ளவர்தான். வைத்தியம் பார்க்கிறதும் ஊழியம்தான்னு நினைச்சு 1847 ஏப்ரல்ல கப்பல் ஏறினார். அப்போ சூயஸ் கால்வாய் கிடையாது. அது 1869-லதான் திறந்தாங்க. ஆப்பிரிக்காவை முழுசாச் சுத்திக்கிட்டுதான் கப்பல் வரணும். அக்டோபர்லதான் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவருக்கு அப்போ வயசு கிட்டத்தட்ட 25.

இந்த இடத்துல நமக்குத் தெரிஞ்ச ஒரு ஆஸ்பத்திரியைப் பத்தியும் சொல்லணும். கிரீனுக்கு முன்னாடியே 1819-ல அமெரிக்காவுல இருந்து கிளம்பி யாழ்ப்பாணம் பண்டத்தரிப்புக்கு வந்து வைத்தியம் பார்த்தவர் ஜான் ஸ்கடர். அவர் பின்னாடி மெட்ராஸுக்கு வந்துட்டார். அவரோட பேத்திதான் ஐடா ஸ்கடர் அம்மா. நம்ம ஊர்ல பெரிய வியாதின்னா தூக்கிட்டு ஓடுற வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சவங்க அவங்கதான். 1918-ல பெண்களுக்குன்னே அங்க மருத்துவப் பள்ளி தொடங்கினாங்க.

மானிப்பாய்

கிரீன் முதல்ல வட்டுக்கோட்டையில இருந்தார். 1848-ல பக்கத்துல மானிப்பாய்க்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்கு பக்கத்துல இருக்கிற ஒரு ஊர் அது. அங்க மிஷனோட அச்சுக்கூடம் இருந்தது. 1842-லயே ஒரு பெரிய தமிழ் அகராதி அங்க அச்சாகி, மானிப்பாய் அகராதின்னே பேர் வாங்கியிருந்தது. தமிழ் எழுத்து கோர்க்கத் தெரிஞ்ச ஆளும், தமிழ் படிச்சவங்களும் இருந்த ஊரு. அது பின்னாடி கிரீனோட வேலைக்கு எவ்வளவு உதவிச்சுன்னு பார்ப்போம்.

வந்த உடனே அவர் ரெண்டு வேலை செஞ்சார். ஒண்ணு நோயாளிகளைப் பார்க்கிறது, இன்னொண்ணு தமிழ் படிக்கிறது. மொழிபெயர்ப்பாளரை வச்சுக்கிட்டே காலத்தை ஓட்டலாம்னு அவர் நினைக்கலை. வலின்னா எத்தனை விதமான வலி நம்ம ஊர்ல இருக்கு. குத்துது, கடுக்குது, இழுக்குது, எரியுது, விண் விண்ணுன்னு தெறிக்குது. இதை எல்லாம் நடுவுல ஒரு ஆள் சொல்லி டாக்டருக்குப் புரிய வைக்க முடியுமா? அவரே தமிழ் கத்துக்கிட்டார்.

அந்தக் காலத்து நிலைமையை நாம யோசிச்சுப் பார்க்கணும். அவர் கிளம்புறதுக்கு முந்தின வருஷம், 1846-லதான், அவரோட மாநிலத்துலயே பாஸ்டன் ஆஸ்பத்திரியில ஈதர் என்ற மயக்க மருந்து கொடுத்து எல்லார் முன்னாடியும் ஆபரேஷன் செஞ்சு காட்டியிருந்தாங்க. அதுக்கு முன்னாடி வலி தெரியத் தெரியத்தான் அறுப்பாங்க. கிருமியாலதான் புண் சீழ் பிடிக்குதுன்னு லிஸ்டர் என்ற டாக்டர் எழுதி, மருந்து போட்டுக் கிருமியைக் கொல்லுற முறையை வெளியிட்டது 1867-ல. காலரா குடிதண்ணி மூலமாத்தான் பரவுதுன்னு லண்டன்ல ஜான் ஸ்நோ ஆதாரத்தோட காட்டினது 1854-ல. கிரீன் வந்தப்போ இது எதுவும் தெளிவாகலை. யாழ்ப்பாணத்துலயோ காலராவும் அம்மையும் திரும்பத் திரும்ப வந்து வீடு வீடாக் காலி பண்ணிட்டுப் போச்சு.

ஒரே ஒரு டாக்டரால என்ன செய்ய முடியும்? ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்த்தாலும் மறுநாள் அவ்வளவு பேர் வாசல்ல நிப்பாங்க. அதனால 1848-லயே அவர் அந்த ஊர்ப் பையன்களுக்கு வைத்தியம் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சார். முதல் வகுப்புல மூணே மூணு பேர்தான். கட்டடம் இல்லை, பெரிய ஆய்வுக்கூடம் இல்லை. இலங்கையிலயே மேல்நாட்டு வைத்தியம் சொல்லிக்கொடுத்த முதல் இடங்கள்ல அதுவும் ஒண்ணு. கொழும்புல அரசாங்க மருத்துவப் பள்ளி வந்தது 1870-லதான்.

இங்கிலீஷ்ல இருந்து தமிழுக்கு

முதல்ல வந்த வகுப்புகள் எல்லாம் இங்கிலீஷ்லதான் நடந்தது. புத்தகமும் இங்கிலீஷ்தான். அதுல அவர் ரெண்டு கஷ்டத்தைப் பார்த்தார்.

முதல் கஷ்டம், புத்திசாலிப் பையன்கூட இங்கிலீஷைப் புரிஞ்சுக்கிறதுலயே பாதி நேரத்தைத் தொலைச்சான். உடம்பைப் படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பாஷையைப் படிச்சு முடிக்கணும். அந்தப் பாஷையைப் படிக்க வசதி இல்லாதவன் வைத்தியமே படிக்க முடியாது. ரெண்டாவது கஷ்டம் இன்னும் பெருசு. இங்கிலீஷ்ல படிச்சு முடிச்சவங்க பட்டணத்துக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் போகப் பார்த்தாங்க. கிராமத்துல நோயாளி அப்படியே கிடந்தான். தமிழ்ல படிச்சவன்தான் தமிழ் ஊர்ல இருந்து தமிழ் ஜனங்களுக்கு வைத்தியம் பார்ப்பான்னு அவர் முடிவு பண்ணினார். தன்கிட்ட படிக்கிறவங்க நடை உடையிலயும் தமிழராவே இருக்கணும், கோட்டு சூட்டு மாட்டிக்கிட்டு ஊரைவிட்டு விலகிப் போகக் கூடாதுன்னுகூட அவர் விரும்பினார்.

நினைச்சுப் பாருங்க. ஒரு வெள்ளைக்காரர், நம்ம பிள்ளைங்க நம்ம பாஷையிலதான் படிக்கணும்னு சொல்றார். நம்ம ஆளுங்க இங்கிலீஷ் வேணும்னு கேக்குறாங்க. கேட்டதும் நியாயம்தான், வேலை அதுலதான் இருந்தது. இந்த இழுபறி அன்னைக்கே இருந்திருக்கு.

தமிழ்ல சொல்லிக்கொடுக்கணும்னா தமிழ்ல புத்தகம் வேணுமே. மேல்நாட்டு வைத்தியப் புத்தகம் தமிழ்ல கிடையாது. அதனால அவரே உட்கார்ந்தார். பகல்ல நோயாளி, ராத்திரி மொழிபெயர்ப்பு. கட்டர் என்பவர் எழுதின உடற்கூறு, உடல் இயக்கம், சுகாதாரம் மூணும் சேர்ந்த புத்தகத்தை 1850-கள்ல முதல்ல தமிழுக்குக் கொண்டு வந்தார். அடுத்து 1857-ல மான்செல் எழுதின பிரசவ வைத்தியம் தமிழ்ல வந்தது. சகோதரிகளே, இதைக் கொஞ்சம் கவனிங்க. உடம்பைப் பத்திப் பொதுவா ஒரு புத்தகம் வந்த கையோட, அடுத்து அவர் கை வச்சது பிரசவத்துல. அந்தக் காலத்துல பிரசவம்னா மருத்துவச்சிதான் பார்ப்பாங்க. ஆம்பளை டாக்டரைப் பக்கத்துல விட மாட்டாங்க. எத்தனை தாயும் பிள்ளையும் செத்திருப்பாங்கன்னு நம்ம ஆயாக்களைக் கேட்டாலே தெரியும்.

வார்த்தை தேடின கதை

நமக்கு வீட்டுக் கணக்கை வங்கிப் படிவத்துல எழுதவே எவ்வளவு திணறல். அவருக்கு ஆயிரக்கணக்கான வைத்தியச் சொல்லுக்குத் தமிழ்ல பேர் கண்டுபிடிக்கணும். அதுக்கு அவர் ஒரு வழிமுறை வச்சிருந்தார். முதல்ல தமிழ்ல அந்தச் சொல் இருக்கான்னு பார்க்கணும். சித்த வைத்தியத்துலயும், ஜனங்க பேச்சுலயும் தேடணும். இல்லைன்னா சமஸ்கிருதத்துல இருந்து எடுக்கணும். அதுலயும் சரியா வரலைன்னா இங்கிலீஷ் சொல்லையே தமிழ் வாய்க்கு ஏத்த மாதிரி மாத்திக்கணும். கெமிஸ்ட்ரி புத்தகத்துக்கு அவர் வச்ச பேர் கெமிஸ்தம். உடற்கூறுக்கு அங்காதிபாதம். உடல் இயங்குற விதத்துக்கு சுகரணம். அறுவை வைத்தியத்துக்கு இரண வைத்தியம். இன்னைக்கு நாம வேற சொல் பயன்படுத்துறோம். ஆனா முதல்ல ஒருத்தர் ஒரு பேர் வச்சாத்தானே அடுத்து வர்றவங்க அதைவிட நல்ல பேர் வைக்க முடியும்.

இதை அவர் தனியாச் செய்யலை. டான்ஃபோர்த், சாப்மன்னு அவர்கிட்ட படிச்ச மாணவர்களே கூட உட்கார்ந்து மொழிபெயர்த்தாங்க. பேர் வெள்ளைக்காரங்க பேர் மாதிரி இருந்தாலும் அவங்க யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். மிஷன் பள்ளியில படிச்சவங்களுக்கு அப்படிப் பேர் வைக்கிற வழக்கம் இருந்தது. புத்தகத்துல தன் பேர் மட்டும் இருக்கணும்னு அவர் நினைக்காம, கூட உழைச்ச மாணவர்களையும் முன்னுக்குக் கொண்டு வந்தார்.

இன்னொரு சுவாரசியமான விஷயம். சைவத்தையும் தமிழையும் வளர்த்த நல்லூர் ஆறுமுக நாவலர் பிறந்ததும் அதே 1822-ம் வருஷம்தான். அவர் மிஷனோட மதப் பிரச்சாரத்தைக் கடுமையா எதிர்த்தவர். வண்ணார்பண்ணையில தனி அச்சுக்கூடம் வச்சுச் சின்னப் பிள்ளைங்களுக்குப் பாலபாடம் அச்சடிச்சார். ரெண்டு பேரும் எதிரெதிர் அணி. ஆனா கொஞ்ச தூரத்துல இருந்துக்கிட்டு, ரெண்டு பேரும் செஞ்ச வேலை ஒண்ணுதான். ஜனங்க கையில தமிழ்ப் புத்தகம் கொடுத்தாங்க.

உடம்பு கெட்டதும் திரும்பி வந்ததும்

பத்து வருஷ உழைப்புல கிரீனோட உடம்பு தளர்ந்தது. 1857-ல ஊருக்குப் போனார். அங்க மார்கரெட் என்ற அம்மாவை 1862-ல கல்யாணம் பண்ணிக்கிட்டு, அதே வருஷம் மனைவியோட மானிப்பாய்க்குத் திரும்பினார். திரும்பி வந்த பிறகுதான் வகுப்பை முழுசாத் தமிழுக்கு மாத்தினார். ஒரு புதுப் பெண்ணைக் கூட்டிக்கிட்டு, காலரா அடிக்கிற ஊருக்கு, கப்பல்ல மாசக்கணக்குல வர்றதுன்னா அந்த அம்மாவோட தைரியத்தையும் நாம சொல்லணும். பெரிய மனுஷங்க வாழ்க்கையில அவங்க வீட்டுக்காரம்மா பேர் ஒரு வரியில முடிஞ்சிடும். சமையல் யார் செஞ்சது, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தப்போ ராத்திரி யார் முழிச்சதுன்னு யாரும் எழுதுறதில்லை.

அதுக்கப்புறம் புத்தகங்கள் ஒண்ணு பின்னாடி ஒண்ணு வந்துக்கிட்டே இருந்தது. 1867-ல ட்ரூயிட் எழுதின அறுவை வைத்திய நூல் இரண வைத்தியம்னு வந்தது. 1872-ல ஹூப்பர் எழுதின நூல் வைத்தியாகரம்னு வந்தது. அதே 1872-ல வந்ததுதான் மனுஷ அங்காதிபாதம். இதோட மூல நூல் லண்டன்ல ஹென்றி கிரே எழுதின உடற்கூறு நூல். இன்னைக்கும் உலகம் பூரா டாக்டருக்குப் படிக்கிறவங்க கிரேஸ் அனாடமின்னு அதைத்தான் சொல்றாங்க. அது முதல்ல வெளிவந்தது 1858-ல. பதினாலே வருஷத்துல அது தமிழுக்கு வந்திடுச்சு. எலும்பு, நரம்பு, தசை, ரத்தக்குழாய் எல்லாத்தையும் ஒரு யாழ்ப்பாணத்துக் கிராமத்துப் பையன் தமிழ்லயே படிக்க முடிஞ்சது.

மொத்தத்துல அறுபது பேருக்கு மேல அவர்கிட்ட படிச்சு டாக்டர் ஆனாங்க. அதுல பாதிக்கு மேல தமிழ்லயே படிச்சவங்க. அவரும் அவர் மாணவர்களும் சேர்ந்து தமிழ்ல கொண்டு வந்த பக்கங்கள் நாலாயிரத்துக்கும் மேல.

கடைசிக் காலம்

1873-ல உடம்பு முடியாம நிரந்தரமா அமெரிக்கா திரும்பினார். போனதோட விட்டாரா? வூஸ்டர்ல தன் வீட்டுல உட்கார்ந்துக்கிட்டு, சுத்தி ஒருத்தருக்கும் தமிழ் தெரியாத ஊர்ல, தமிழ்ப் புத்தக வேலையைத் தொடர்ந்து செஞ்சார். கெமிஸ்தம் 1875-ல வந்தது. டால்டன் எழுதின உடல் இயங்கியல் நூல் மனுஷ சுகரணம் என்ற பேர்ல 1883-ல வந்தது. அடுத்த வருஷம், 1884 மே 28-ம் தேதி அவர் காலமானார். வயசு 61. தன் கல்லறையில தமிழர்களுக்காக ஊழியம் செஞ்ச டாக்டர் என்ற பொருள்ல எழுதணும்னு கேட்டுக்கிட்டார். அப்படியே இன்னைக்கும் அந்த ஊர்க் கல்லறையில இருக்கு.

மானிப்பாயில அவர் நடத்தின ஆஸ்பத்திரி இன்னைக்கும் அவர் பேர்லயே கிரீன் நினைவு மருத்துவமனைன்னு இருக்கு. ஆனா ஒரு வருத்தமான விஷயம். அவர் போன பிறகு தமிழ் வைத்திய வகுப்பு நீடிக்கலை. கொழும்புல அரசாங்கப் பள்ளி இங்கிலீஷ்ல நடந்தது. வேலையும் மதிப்பும் அதுக்குத்தான் இருந்தது. அவ்வளவு உழைச்ச புத்தகங்கள் அலமாரிக்குப் போயிடுச்சு.

இன்னொரு குறையும் சொல்லணும். அவர்கிட்ட படிச்சவங்க எல்லாரும் ஆண்கள். அமெரிக்காவுலயே எலிசபெத் பிளாக்வெல் என்ற முதல் பெண் டாக்டர் பட்டம் வாங்கினது 1849-லதான். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில பெண்களைச் சேர்த்தது 1875-ல. மானிப்பாய் பக்கத்துல இணுவில்ல பெண்களுக்குன்னு ஆஸ்பத்திரி வந்தது 1898-ல. நம்ம முத்துலட்சுமி அம்மா டாக்டர் ஆனது 1912-ல. பொம்பளைங்க உடம்பைப் பத்திப் பொம்பளைங்களே படிக்க இவ்வளவு காலம் ஆகியிருக்கு.

நமக்கு இதுல என்ன இருக்கு

என் பெரிய பொண்ணு அரசுப் பள்ளியில தமிழ் மீடியத்துல பத்தாவது முடிச்சா. பதினொண்ணாவதுல உயிரியல் எடுக்கணும்னு சொன்னா. சொந்தக்காரங்க வேண்டாம்னாங்க. தமிழ் மீடியத்துல சயின்ஸ் எடுத்தா பின்னாடி நர்சிங்ல திணறுவா, புத்தகத்துக்கும் டியூஷனுக்கும் உங்களால முடியாதுன்னாங்க. அவங்க சொன்னதுல உண்மை இல்லாம இல்லை. கல்லூரிக்குப் போனா இங்கிலீஷ்தான். கிரீன் டாக்டரோட வகுப்புக்கு வந்த கதி அதுக்குச் சாட்சி. ஒரு வாரம் வீட்டுல அதே பேச்சுதான்.

எனக்கு இந்த வாழ்க்கையைப் படிச்சதும் ஒண்ணு புரிஞ்சது. முதல்ல நம்ம பாஷையில விஷயம் மண்டையில ஏறணும். அதுக்குப் பக்கத்துலயே இங்கிலீஷ் பேரை எழுதி வச்சுக்கிட்டா ரெண்டும் வரும். கிரீன் டாக்டர் ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லுக்கும் தமிழ்ச் சொல் தேடினார். நாம அதைத் திருப்பிச் செய்யலாம். என் பொண்ணு உயிரியல் எடுத்துட்டா. ஒரு நோட்டுல இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் இங்கிலீஷ் எழுதுறா. இப்போ வரைக்கும் ஐநூறு சொல் தாண்டியிருக்கு.

செலவைப் பத்திச் சொல்றேன். பள்ளிப் புத்தகம் அரசாங்கமே இலவசமாத் தருது. தொலைஞ்சாலும் போன்ல பாடநூல் கழகத்தோட தளத்துலயே படிக்கலாம். போன வருஷம் முடிச்ச பக்கத்துத் தெருப் பிள்ளையோட கைடு பாதி விலைக்குக்கூட இல்லை, சும்மாவே கிடைச்சது. உடம்பு பாகம் பார்க்கணும்னா ஞாயித்துக்கிழமை கறிக்கடை போதும். ஆட்டு ஈரல், நுரையீரல், இதயம், கிட்னி எல்லாம் நாம கழுவாததா? நாம சுவரொட்டின்னு ரத்தம் ஊற வாங்கிக் கொடுக்கிறதுதான் மண்ணீரல்னு புத்தகத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிஞ்சது. ஒரு ஆட்டு இதயத்தை ரெண்டா அறுத்தா நாலு அறையும் அப்படியே தெரியுது. பொண்ணு கத்தியை வச்சுக்கிட்டு எனக்குப் பாடம் எடுத்தா. குழம்பு வைக்க அன்னைக்கு மதியம் ரெண்டு மணி ஆயிடுச்சு, அவங்க அப்பா கோவிச்சுக்கிட்டார்.

கிரேஸ் அனாடமி இப்போ மறுபடியும் தமிழ்ல வந்திருக்கு. மாணவர்களுக்கான அந்த நூலையும் வேற சில மருத்துவ நூல்களையும் தமிழ்நாடு பாடநூல் கழகம் மொழிபெயர்த்துக் கொண்டு வந்திருக்கு. கிரீன் டாக்டர் 1872-ல செஞ்ச வேலையை, நூத்தியம்பது வருஷம் கழிச்சு நம்ம ஊர்ல திரும்ப ஆரம்பிச்சிருக்காங்க. நீட் பரீட்சையையும் தமிழ்ல எழுதலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு 2020-ல இருந்து இருக்கு. நம்ம சிறுவங்கூர்லயே 2022-ல இருந்து அரசு மருத்துவக் கல்லூரி நடக்குது. கள்ளக்குறிச்சியில இருந்து பஸ் ஏறினா வர்ற இடத்துல டாக்டர் படிப்பு இருக்கு. கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலைக்கு ஏறுற பஸ்ல வர்ற மலைக் கிராமத்து அக்காங்களுக்குப் பிரசவ வலி வந்தா இன்னும் எவ்வளவு தூரம் இறங்கி வரணும்னு நமக்குத் தெரியும். அந்த மலையிலயே பிறந்து வளர்ந்து, அந்த ஜனங்க பேச்சு தெரிஞ்ச ஒரு பொண்ணு நர்ஸாவோ டாக்டராவோ அங்க இருந்தா எப்படி இருக்கும்? கிரீன் டாக்டர் மானிப்பாயில நினைச்சது இதைத்தான்.

கூட்டமைப்புக்கு ரெண்டு வேண்டுகோள் வைக்கிறேன். ஒண்ணு, பத்தாவது, பதினொண்ணு, பன்னிரண்டாவது முடிச்ச பிள்ளைகளோட பழைய அறிவியல் புத்தகம், கைடு, நோட்டு எல்லாத்தையும் எடைக்குப் போடாம நம்ம கூட்டமைப்புக் கட்டடத்துக்குக் கொண்டு வாங்க. ஒரு அலமாரி போதும். எடுத்துட்டுப் போறவங்க பேரை நோட்டுல எழுதி வைக்கலாம், கடன் பதிவேடு எழுதுற நமக்கு இது பெரிய வேலை இல்லை. ரெண்டாவது, மாசக் கூட்டத்துல கடன் பேசி முடிச்சதும் கால் மணி நேரம் உடம்பைப் பத்திப் பேசலாம். கர்ப்பப்பை, சினைப்பை, மார்பகம், சிறுநீரகம்னு ஒரு மாசத்துக்கு ஒரு உறுப்பு. கிராம செவிலியரைக் கூப்பிட்டா வருவாங்க. நான் கேட்டுப் பார்த்துட்டேன்.

போன மாசம் அண்ணியை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா என்ன ஆபரேஷன் நடந்ததுன்னு கேட்டாங்க. அண்ணி என்னைப் பார்க்கலை. கர்ப்பப்பையும் ரெண்டு சினைப்பையும் எடுத்திருக்கு, மூணு வருஷம் ஆச்சுன்னு அவங்களே சொன்னாங்க. எலும்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. வெளியில வந்து மரத்தடியில உக்காந்து டீ குடிச்சோம். அண்ணி கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் என் பொண்ணோட அந்த நோட்டை ஒரு நாள் கொண்டு வரச் சொன்னாங்க.